கண் சிமிட்டும் கவுன்

மார்ச் 4

பெறுநர்: பழுது பார்க்கும் பிரிவு, கேமராக் கடை.
பொருள்: கேமராத் திரையில் கேட்காமலே எழுத்துகள் தெரிவது குறித்து.

ஐயா,

வணக்கம். மேற்படி கேமராவானது கடந்த ஒரு வாரமாக…

இந்த 'ஐயா'வை இத்தோடு விட்டுவிடுகிறேன். கவரைப் பிரிக்கப்போவது நீதான் என்று தெரியும். கேமராப் பைக்குள் கிடந்த ரசீதில்தான் உன் கடை முகவரியைப் பிடித்தேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். போனில் எனக்கு வாயைத் திறந்தால் கேலிதான் வருகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன். பேனாவைப் பிடித்தால்தான் கொஞ்சம் அடங்குவேன்.

உன் அண்ணியின் அப்பா எழுதுகிறேன். அன்றைக்கு, உன் அண்ணனுக்கும் என் பெண்ணுக்கும் கல்யாணம் நடந்த அன்று, உன் கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டு, "இந்தப் பெரிய பட்டன் மட்டும்தான் மாமா, மத்ததெல்லாம் உங்களுக்கு இல்ல" என்றாய். நீ சாப்பிடாமலே கல்யாணக் கூடத்தை விட்டுப் போனாய். கேமரா என் கழுத்திலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு மாதமாக என் இஸ்திரிக் கடையில் கஞ்சிப் பவுடர் டப்பா பக்கத்தில் வைத்திருந்தேன்.

என் பெண் படங்களைக் கேட்டுக் குடைகிறாள். சரி, நாமே பார்ப்போம் என்று எடுத்துத் தூசி துடைத்தேன். துடைக்கும்போது எங்கேயோ அமுங்கிவிட்டது போல. அப்போதிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதன் மேல் எழுத்தும் எண்ணும். ஒரு மூலையில் மலை மாதிரி ஒரு கிறுக்கல். முகத்தின் மேல் சின்னச் சிவப்புக் கட்டம். மாப்பிள்ளை மூக்கின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, ஈ என்று நினைத்து விரலால் தட்டிப் பார்த்தேன்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். இன்னொன்று இருக்கிறது. வெள்ளையாக இருப்பதெல்லாம் கறுப்பாகிக் கறுப்பாகி வெளுக்கிறது. கண் சிமிட்டுவது போல. நீ எனக்குச் சொல்லிக் கொடுக்கும்போது என்னை ஒரு படம் எடுத்தாயே, அதில் என் சட்டை முழுக்கச் சிமிட்டுகிறது. கல்யாணக் கவுனும் சிமிட்டுகிறது. எந்த இடத்தில் என்று பின்பக்கம் வரைந்திருக்கிறேன். எனக்குத் துணி மடிக்க வருகிற அளவுக்குப் படம் வராது. மன்னித்துக்கொள்.

கேமராவுக்குத் துணியில் இருக்கும் குறை தெரியுமா? அதைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கவுனில் இஸ்திரிச் சூடு பட்ட கறை இருந்ததும், அதற்கு உன்னைக் குற்றம் சொன்னதும் நீ மறந்திருக்க மாட்டாய். அந்தக் கறையைத்தான் இது காட்டிக் கொடுக்கிறதோ?

படம் கழுவினால் இந்த எழுத்தெல்லாம் கூடவே வருமா? என் பெண்ணுக்கு நான் எழுதினது தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
மாமா

*

மார்ச் 9

பொருள்: தங்கள் 4-ஆம் தேதிக் கடிதம்.

மாமா,

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. படங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் பார்க்கும் எழுத்தும் எண்ணும் படத்துக்குள் இல்லை. திரையில் மட்டும் காட்டுகிறது. கழுவினால் வராது. எங்கள் கவுண்டருக்கு வாரத்துக்கு நாலு பேராவது இதே பயத்தோடு வருகிறார்கள். நீங்கள்தான் முதன்முதலாக ஈ ஓட்டியவர்.

பின்பக்கம் வட்டமாக ஒரு சக்கரம் இருக்கும். அதன் மேல் விளிம்பை மெதுவாக ஒருமுறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் திரை மாறும். ஒன்றில் மலை வரும். அது படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்கிற கணக்கு. ஒன்றில் சிவப்புக் கட்டம். கேமரா எந்த இடத்தைக் கூர்மையாகப் பிடித்தது என்று காட்டும். ஒன்றில் தேதி, மணி, படத்தின் எண். கடைசியில் ஒன்றுமே இல்லாமல் படம் மட்டும் வரும். அங்கே நிறுத்திவிடுங்கள்.

சிமிட்டுவது கறை இல்லை. அந்த இடத்தில் வெளிச்சம் அதிகமாகி, வெறும் வெள்ளை மட்டும்தான் இருக்கிறது, வேறு விவரம் எதுவும் பதியவில்லை என்று எச்சரிக்கிறது. கேமராவுக்குத் துணியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கடைக்காரியாக எழுத வேண்டியது முடிந்தது.

'குற்றம் சொன்னதும்' என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ தெருவில் போனவர் சொன்னது மாதிரி. பதிவெல்லாம் முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் அண்ணியின் இடுப்பில் அந்தப் பழுப்புக் கறை தெரிந்தது. காரில் வந்ததில் கவுனின் கை கசங்கிப் போச்சு என்று காலையில் கூடத்தில் வைத்துச் சின்ன இஸ்திரிப் பெட்டியால் கவுனைத் தேய்த்தது நான்தான். கையை மட்டும்தான் தேய்த்தேன். பெட்டியை என் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்புதான் இருந்தது. அதைச் சொன்னேன். அண்ணி உங்களைக் கூப்பிட்டார்கள்: "அப்பா, நீங்க பாருங்கப்பா. இது என்னது?" நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தீர்கள். "பழக்கமில்லாத கையில பெட்டியைக் குடுத்தா துணியில ரொட்டி சுட்டுடும்மா" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாகூட.

முப்பது வருஷம் பெட்டி பிடித்தவர் சொன்ன பிறகு நான் என்ன பேச முடியும்? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இடுப்பிலும் வைத்துவிட்டேனோ, மறந்துவிட்டேனோ என்று.

கேமராவைப் பார்சலில் அனுப்பிவிடுங்கள். அண்ணன் வீட்டுக்கு நான் போவதில்லை. அங்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

*

மார்ச் 13

அம்மாடி,

உன் கடிதம் கிடைத்தது. மேல் பாதியை நாலு தடவை படித்தேன். கீழ்ப் பாதியை ஒரு தடவைதான் படித்தேன், அதற்கே கண் கூசியது.

நீ சொன்னபடி அழுத்தினேன். மலை போனது. கட்டம் போனது. சிமிட்டலும் போனது. அப்பாடா என்று இன்னொரு முறை அழுத்தினேன், எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. விருந்தாளி செருப்பு மாட்டும்போது 'இருந்துட்டுப் போங்களேன்' என்று வாய் தவறிச் சொன்ன கதைதான். பிறகு சக்கரத்தின் கீழ்ப்பக்கம் விரல் பட்டு ஒரு குப்பைத்தொட்டிப் படம் வந்தது. 'அழிக்கவா?' என்று கேட்டது. அப்படியே அணைத்து மறுபடியும் கஞ்சிப் பவுடர் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

பார்சலுக்குச் சரியான பெட்டி கிடைக்கவில்லை. சட்டை மடிக்கிற அட்டையைச் சுற்றி அனுப்பினால் நசுங்கிவிடும். கிடைத்ததும் அனுப்புகிறேன்.

ஒரு சந்தேகம். சும்மாதான் கேட்கிறேன். படத்தின் மூலையில் மணி வருகிறதே, அதை நம்பலாமா? என் கடைச் சுவர்க் கடிகாரம் வாரத்துக்குப் பத்து நிமிஷம் முந்தி ஓடுகிறது. கேமராக் கடிகாரமும் அப்படி அரைமணி, ஒருமணி, மூன்று மணி நேரம் தப்பாக ஓட வழி உண்டா? உன் கடைக்கு அப்படிப்பட்ட கேமரா வருவதில்லையா?

மாமா

*

மார்ச் 17

மாமா,

வரும். பேட்டரி செத்த கேமராக்களில் வரும். என்னுடையதில் வராது. அன்று காலை ஏழரைக்கு உங்கள் வீட்டுக்கு வந்ததும், கல்யாண நாளாயிற்றே என்று போனைப் பார்த்து மணியைச் சரிசெய்துவிட்டுத்தான் உங்கள் கழுத்தில் மாட்டினேன். நிமிஷம்கூடத் தவறாது.

கேமராவில் மணியைச் சும்மா யாரும் கேட்பதில்லை. எந்தப் படத்தைப் பார்த்துக் கேட்டீர்கள்?

குப்பைத்தொட்டியைத் தொடாதீர்கள். அழித்தால் அழித்ததுதான்.

நேற்று அண்ணி போன் செய்தார்கள். அண்ணன்தான் பேசச் சொல்லியிருக்க வேண்டும். "போனது போகட்டும்டி, நான் மன்னிச்சிட்டேன். அதையே மனசுல வச்சுட்டுச் சுத்தாத" என்றார்கள். "சரிங்கண்ணி" என்றேன். மன்னிப்பும் வாங்கிக்கொண்டாயிற்று மாமா. செய்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாத ஒன்றுக்கு. போனை வைத்த பிறகு, கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். அன்றிலிருந்து நான் இஸ்திரிப் பெட்டியைத் தொடவே இல்லை. கசங்கிய சட்டையோடுதான் வேலைக்குப் போகிறேன். முதலாளி "என்னம்மா, பஸ்ல தூங்கிட்டே வர்றியா?" என்று கேட்கிறார்.

பார்சல் பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்கும்.

*

மார்ச் 20

அம்மாடி,

நான் சிரிக்கவில்லை.

பார்சல் பெட்டி அன்றைக்கே கிடைத்துவிட்டது. பொய் சொன்னேன். என் காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மூன்றாவது படம். முதல் படம் நீ என்னை எடுத்தது. இரண்டாவது என் கட்டைவிரல். மூன்றாவது, "ஏதாவது ஒண்ணை எடுத்துப் பாருங்க மாமா" என்று நீ சொன்னபோது எடுத்தது. எதை எடுப்பது என்று தெரியாமல் ஜன்னலோரம் கொக்கியில் தொங்கிய கவுனை எடுத்தேன். அதற்குள் உன் அண்ணி கூப்பிட்டாள், நீ உள்ளே ஓடிவிட்டாய். படத்தின் மூலையில் 7:42 என்று இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் இடது இடுப்பில் அந்தக் கறை இருக்கிறது.

நீ கை தேய்த்ததையும் நான் எடுத்திருக்கிறேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, ரொம்பக் கவனமாகத் தேய்க்கிறாய். அந்தப் படத்தில் 10:17.

இதற்கு மேல் நான் எழுத ஒன்றும் இல்லை என்று தோன்றியது. பேனாவை மூடிவிட்டேன். மறுபடி திறந்திருக்கிறேன்.

கவுனை நான்தான் தேய்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். ஊரார் துணியெல்லாம் தேய்த்தவன், என் பெண் துணியை வேறொருத்தர் தேய்க்க விடுவேனா என்று வீறாப்புப் பேசினேன். ஏழு மணிக்கு முன்னால் ஆரம்பித்தேன். கடைசியாக இடுப்பு மடிப்பு. அப்போது அவள் தலை துவட்டிக்கொண்டே வாசல்படியில் வந்து நின்று, "அப்பா, எனக்குப் பயமா இருக்குப்பா" என்றாள். நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். பெட்டியை நிமிர்த்தி வைக்க வேண்டும். இது கடைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. நான் வைக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "எதுக்கும்மா பயம், அப்பா இருக்கேன்ல" என்றேன். அவள் உள்ளே போன பிறகுதான் வாசனை வந்தது. அந்த வாசனை எனக்குத் தெரியும்.

ஈரத்துணியால் ஒற்றினேன். பாதி போனது. காயட்டும் என்று ஜன்னலில் மாட்டியபோதுதான் நீ கேமராவோடு வந்தாய். நீ உள்ளே போனதும் சாக்குக்கட்டியைத் தூளாக்கி மேலே தேய்த்தேன். கடையில் வாடிக்கையாளருக்குக்கூட நான் செய்யாத வேலை. ஒரு நாள் தாங்கினால் போதும் என்று நினைத்தேன். வியர்வையில் மத்தியானமே உதிர்ந்துவிட்டது.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். என் பெண் என்னைக் கூப்பிட்டாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் கறையை நானே டாக்டர் மாதிரி குனிந்து பார்த்தேன். 'நான்தான்' என்று சொல்லத்தான் நிமிர்ந்தேன், சத்தியமாக. வாயிலிருந்து வந்தது அந்த ரொட்டி. எல்லாரும் சிரித்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. உன் முகத்தைப் பார்க்கவே கூடாது என்று கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். எதையும் எடுக்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டேன்.

அதனால்தான் கவுன் சிமிட்டியதும் எனக்கு அந்தப் பயம். மனுஷர் எல்லாரையும் ஏமாற்றியாச்சு, இந்தக் கருவி கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தேன். நீ அது வெறும் வெளிச்சம் என்று எழுதினாய். ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டேன். அடுத்த நாள் மணியைப் பார்த்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. இதைச் சொல்லாவிட்டால் மேலே எழுதியது எல்லாம் பாதிப் பொய். நேற்று மூன்றாவது படத்தில் நின்று குப்பைத்தொட்டியை நானாகவே அழுத்தினேன். 'அழிக்கவா?' என்று கேட்டது. ஆமாம், இல்லை என்று இரண்டு. திரை தானாக இருட்டாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அழிக்கவில்லை. ஆனால் 'இல்லை'யை அழுத்தவும் இல்லை. திரை அணைந்ததால் தப்பித்தது. அவ்வளவுதான் என் யோக்கியதை.

கேமராவை அனுப்பிவிடுகிறேன். 7:42 படத்தை அந்த மணி, எண்ணோடு நீயே உன் அண்ணிக்குக் காட்டிவிடு. என் வாயால் சொன்னால் கேலி கலந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

மாமா

*

மார்ச் 25

மாமா,

உங்கள் கடிதத்தைக் கடையில் கவுண்டருக்குக் கீழே உட்கார்ந்து படித்தேன். மேலே ஒரு வாடிக்கையாளர் மணியடித்துக்கொண்டே இருந்தார்.

முதலில் கோபம் வரவில்லை. முதலில், 'அப்போ நான் இல்லை' என்றுதான் வந்தது. எழுந்து போய் அந்த வாடிக்கையாளரிடம் "நான் இல்லீங்க" என்று சொல்லிவிடுவேன் போல இருந்தது. கோபம் வீட்டுக்குப் போன பிறகு வந்தது. இன்னும் இருக்கிறது.

கேமராவை அனுப்பாதீர்கள். நான் காட்ட மாட்டேன். நான் காட்டினால் என்ன ஆகும் தெரியுமா? நாத்தனார் அண்ணனின் மாமனாரைப் பற்றிக் கோள் சொன்னாள் என்று ஆகும். எத்தனை பேர் முன்னாடி சொன்னீர்களோ, அத்தனை பேர் முன்னாடி நீங்கள்தான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். அம்மா, அண்ணன், அண்ணி, ரொம்பச் சிரித்த பெரியப்பா. ரொட்டி இல்லாமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. நீங்கள் வரைந்த படம் என் மேசையில் இருக்கிறது. சிமிட்டும் இடம் என்று கறுப்பாகக் கோடு போட்டிருக்கிறீர்கள் அல்லவா, அது வலது தோள். ஜன்னல் வெளிச்சம் விழுந்த பக்கம். கறை இருந்தது இடது இடுப்பில். அந்தச் சிமிட்டல் ஒரு தடவைகூடக் கறையைக் காட்டவில்லை மாமா. நீங்களாகத்தான் பார்த்தீர்கள்.

*

ஏப்ரல் 2

அம்மாடி,

சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவையும் பெரியப்பாவையும் நானே போன் போட்டு வரச் சொன்னேன். கல்யாணப் படம் காட்டப்போகிறேன் என்று நினைத்துப் பெரியப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கசங்கியிருந்தது. அதைப் பற்றி வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

கேமராவை மேசையில் வைத்து, மூன்றாவது படத்தைத் திறந்து, "இந்த மணியைப் பாருங்க" என்றேன். பிறகு பத்து மணிப் படத்தைக் காட்டினேன். பிறகு, "கவுனைக் கருக்கினது நான். தெரிஞ்சே புள்ளை மேல போட்டேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. யாரும் சிரிக்காத ஒரு வீட்டில் நான் அவ்வளவு நேரம் நின்றது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

உன் அம்மாதான் முதலில் பேசினார்கள். "நானும் சிரிச்சேனே" என்றார்கள், அவ்வளவுதான். என் பெண் ரொம்ப நேரம் அந்தத் திரையையே பார்த்தாள். "கறை போனா போகுதுப்பா. சொல்லியிருந்தா அன்னைக்கே சிரிச்சிருப்பேன். அவகிட்டப் போய் மன்னிச்சிட்டேன்னு சொன்னேனேப்பா. என்னை அப்படிச் சொல்ல வச்சிட்டீங்களே" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ் வந்ததும் "பார்த்துப் போங்க மாமா" என்றார். அதுவே எனக்கு அதிகம்.

அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவாள். பேசும் வரை இரண்டு நாளைக்கு ஒரு தடவை போன் அடித்து, ஒரு ரிங் விட்டு வைத்துவிடுகிறேன். நீ எனக்காக அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். அவள் மன்னிப்பை வாங்கித் தருவது உன் வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் உன் கடைக்கு வருகிறாள். மாப்பிள்ளை சொன்னார். கேமரா அவள் கையில்தான் வரும். சிமிட்டல், மலை எல்லாவற்றையும் எப்படி நிறுத்துவது என்று இப்போது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. நீ கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படி மாற்றிக்கொள்.

உன்னிடம் மன்னிப்பு கேட்டு ஒரு வரி எழுதினேன். படித்துப் பார்த்தால் ஒரே நடிப்பாக இருந்தது, அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கேமராவைக் கொடுத்துவிடும் முன், 10:17 படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகத்தை இல்லை, கையைப் பார்த்தேன். பிடியை இறுக்காமல் பிடித்திருக்கிறாய். இடது கையால் துணியை இழுத்து வைத்திருக்கிறாய். பெட்டியின் முனை துணியில் அழுந்தாமல் கொஞ்சம் தூக்கினாற்போல் இருக்கிறது. அதற்கு அடுத்த படம் 10:18. அதில் நீ யாரிடமோ பேசத் திரும்பியிருக்கிறாய். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறாய்.

சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போ, அம்மா. உன் கையில் ஒரு குறையும் இல்லை. முப்பது வருஷம் பெட்டி பிடித்தவன் பார்த்துச் சொல்கிறேன்.

மாமா